ஏழாம் இலக்க அறை

உல்லையில் பருவம் முடிந்து மூன்று மாதம்.
அலைப்பலகைகளைத் தார்ப்பாயால் மூடிக்
கயிறு போட்டிருந்தார்கள்;
மழைக்கு ஒதுங்கிய மாடுகள் போல
அவை சுவரோடு சாய்ந்து நின்றன.
பொத்துவிலில் பஸ் மாறாமல் ஓட்டோ பிடித்து
கேட்ட ஐந்நூறை நானூறாக்கி
நனைந்த பையோடு உள்ளே போனேன்.

பதிவுப் புத்தகத்தில் ஒரு நிரல்: வந்த நோக்கம்.
மேலே எல்லாம் சேர்ஃபிங், சேர்ஃபிங்,
ஒரு தேனிலவு, ஒருவர் ஆனை பார்க்க,
மறுபடி சேர்ஃபிங்.
த. கோமளேஸ்வரி, களுவாஞ்சிகுடி
என்பதுவரை எழுதிவிட்டேன்.
மற்றவர்கள் நிரப்பாத நிரல்களை
இருபத்திரண்டு வருடமாகச்
சிவப்புப் பேனையால் வட்டமிடுகிறவள்
பேனையைப் பிடித்தபடி நின்றேன்.
"சும்மா எண்டு போடுங்க மிஸ்," என்றான் றுஸ்னி.
"ஓஃப் சீசன்ல அதையும் ஏத்துக்குவம்."

சாவியில் ஏழு.
இருப்பதோ நாலு அறை.
இரண்டு தரம் எண்ணினேன், பழக்கம்.
"மற்ற மூண்டும்?"
நாடியால் கடல் பக்கம் காட்டினான்.
"நான் பிறக்க முந்தி.
நம்பர மாத்த வாப்பா விடல்ல."
பிறகு அதே மூச்சில்,
"பிளேன்ரீக்குச் சீனி போடவா, தனியா வைக்கவா?"

ஒரு கட்டில். ஒரு கதிரை. ஒரு வாளி.
வேறொரு ஹோட்டலின் பெயர் தைத்த துவாய்.
நுளம்பு வலையின் ஓட்டையை
யாரோ ரப்பர் பட்டியால் முடிந்து
அதற்கொரு சின்னக் குடுமி வைத்திருந்தார்கள்.
மின்விசிறிக்கு ஐந்து வேகம்.
எதில் வைத்தாலும் அது
தன் வேகத்தில்தான் சுற்றியது.
எனக்கும் அதற்கும் உடனே ஒத்துப்போனது.

அன்று பின்னேரம் நான் செய்த வேலைகள்:
கதிரையை வாசலுக்கு இழுத்தேன்.
அதில் இருந்தேன்.
மழை சரிவாக வந்தபோது
ஒரு முழம் பின்னுக்கு இழுத்தேன்.
தேத்தண்ணிக் கோப்பையை இழுக்க மறந்துபோனேன்.

கந்தோரிலிருந்து மோகனதாஸ் மூன்று தரம் எடுத்தார்.
மூன்றாம் தரம், "நீல அலுமாரி, கீழ்த்தட்டு" என்றேன்.
"என்ன மிஸ் அங்க சத்தம், ரீவியா?"
"கடல்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல்
கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்.

இரவு பாரைக்குட்டிப் பொரியல்,
கத்தரிக்காய்ப் பால்கறி.
படுத்திருந்து அலைகளை எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
அதற்கு மேல் போக மனம் வரவில்லை.
மறுபடி ஒன்று.
எந்த மூன்றில் தூங்கினேன் என்று தெரியாது.

விடிய மழை விட்டிருந்தது.
கடல் கஞ்சித் தண்ணீர் நிறத்தில்,
அதன் விளிம்பில் மட்டும்
சூரியன் கொஞ்சம் மஞ்சள் கரைத்திருந்தது.
முழங்கால்வரை இறங்கினேன்.
குதிக்காலின் கீழிருந்து மண் நழுவ
கூச்சத்தில் சத்தமாகச் சிரித்தேன்.
ஒரு நாய் மட்டும் நின்றது.
நான் திரும்புவதற்குள் அதுவும் போய்விட்டது.

மூன்றாம் நாள் பில் வந்தது.
அறை, இரண்டு இரவு: ஐயாயிரம்.
சாப்பாடு: ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
பிளேன்ரீ ஆறு: முந்நூற்றறுபது.
மொத்தம் ஏழாயிரத்து இருநூறு என்று
வடிவான எழுத்தில் இருந்தது,
கீழே இரட்டைக் கோடும் போட்டு.

பத்து ரூபாய் இடிக்கிறது.
ஒன்றரை ரூபாய்க்காக
ஒரு முழுக் கந்தோரையும்
இரவு எட்டு மணிவரை இருத்தி வைத்தவள் நான்.
தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினேன்.
விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"பிழையில்ல மிஸ்," என்றான்.
"அண்டைக்கு ஒரு பிளேன்ரீக்குள்ள
மழை விழுந்திட்டு. அதுக்குக் கழிச்சது."

இந்தக் கழிவுக்குத் தலைப்பில்லை.
எந்தச் சுற்றறிக்கையிலும் இதைக் கண்டதில்லை.
பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தேன்.
சரி என்று அடையாளமிட்டு
கீழே கையொப்பம் வைத்தேன்,
திகதியும் போட்டு.