பெயரில்லை என்பவரின் கணக்கு

மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தரின் நிலக்கரிப் புகை
நான்காம் மாடி ஜன்னல்வரை ஏறிவந்து நிற்கிறது.
உள்ளே பதினோரு பேர், ஒரு புரொஜக்டர்,
உப்புப் போட்ட பால்தேநீர் ஒரு பிளாஸ்க்.

மூன்றாம் நாள்.
பலகையில் மரம் வரைகிறேன்:
வேர் மேலே, கிளைகள் கீழே தொங்க,
இலைகளாய் ஆட்கள்.
தென்கோபியிலிருந்து வந்த ஹுன்பிஷ் சொல்கிறார்:
"எங்கள் பக்கம் நேராக நிற்கும் மரமே கிடையாது.
நீங்கள் தலைகீழாக வேறு நடுகிறீர்கள்."

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள்.
உங்கள் ஆஸ்பத்திரிகளில் இதை வைத்தவன்
காசை எண்ணி வாங்கிக்கொண்டு போயாயிற்று.
ஊற்ற வேண்டியது நீங்கள், என்கிறேன்.
யார் வந்தார், யார் போனார்,
யாருக்கு எந்தக் கதவு,
யாருடைய பாஸ்வேர்ட் நாளை செத்துப்போகும்.
இரவு இரண்டு மணிக்கு
மருந்துப் பதிவேட்டைத் திறக்க முடியாமல் நிற்கும் நர்ஸ்
திட்டுவது உங்களைத்தான்,
உங்கள் முகம் தெரியாமலே.

பயிற்சி ஒன்பது: நாற்பது பேரை ஏற்றுக.
முதல் வரியிலேயே சர்வர் முறைத்தது.
குடும்பப் பெயர் இல்லை, சேர்க்க மாட்டேன்.
எங்களில் யாருக்குத்தான் அது இருக்கிறது?
சோல்மோன் எல்லோருக்கும் அப்பா பெயரைப் போட்டாள்.
யாரோ வெறும் புள்ளி வைத்தார்கள்.
சர்வர் புள்ளியை ஏற்றுக்கொண்டது.

கடைசி மேசையில் நெர்குய்,
சாய்ன்ஷாண்ட் ரயில்வே ஆஸ்பத்திரி.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள்
பெயரில்லை.

நான்காம் நாள் காலை அவரால் உள்ளே நுழைய முடியவில்லை.
தப்பாக அடித்தாரா? இல்லை.
பூட்டிக்கொண்டதா? இல்லை.
தேடினேன்.
அப்படி ஒருவர் இல்லை.

இரவு பதினொன்றுக்கு ஓடும் துப்புரவு ஸ்கிரிப்ட்,
மூன்று வருடம் முன்பு நானே எழுதியது.
சோதனைக்காகத் திறக்கும் கணக்குகளுக்கு
பெயரில்லை என்றே பெயர் வைப்பேன், பிறகு மறப்பேன்.
அதுவே பெருக்கித் தள்ளட்டும் என்று விட்டிருந்தேன்.

காது சூடாக, அவரிடம் சொன்னேன்.
அவர் தேநீரை ஊதிக்கொண்டார்.
"எனக்கு முன்னால் இரண்டு குழந்தைகள். தங்கவில்லை.
அள்ளிப்போக வருவது வாசலில் பெயர் கேட்குமாம்.
ஆளில்லை என்று திரும்பட்டும் என்று இப்படி வைத்தார்கள்.
நாற்பத்திரண்டு வருடமாக அது ஏமாந்துகொண்டிருக்கிறது.
உங்கள் ஸ்கிரிப்ட் அதைவிடக் கெட்டி."

"என் பெயருக்கு மனிதனில்லை என்று அர்த்தம்,"
என்றார் ஹுன்பிஷ்.
"ஏதோ சர்வீஸ் கணக்கு என்று விட்டுவைத்திருக்கிறது."

அன்றைய பாடத்தை மூடிவைத்தேன்.
பதினோரு பேரும் என் திரையைச் சுற்றி.
நீக்கியது உடனே போய்விடாது;
நூற்றெண்பது நாள் நடுகல்லாக நிற்கும்,
மற்ற சர்வர்கள் ஒவ்வொன்றும் வந்து பார்த்து
இவர் போய்விட்டார் என்று தெரிந்துகொள்ளும்வரை.
கல்லைக் கண்டுபிடித்தோம்.
பழைய கிளையின் முகவரி கொடுத்து எழுப்பினோம்.
எழுந்தார். அதே அடையாள எண்.
ஆனால் எந்தக் குழுவிலும் இல்லை,
ஒரு கதவும் அவரை அறியவில்லை.

அவரவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்லச் சேர்த்தேன்:
பயிற்சி அறை, பகிர்ந்த கோப்புகள், ஆறாம் மேசை.
குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக மினுங்கியது.
நேற்று என்ன போட்டிருந்தீர்கள்?
"புள்ளி."
கொஞ்சம் பொறுத்து,
"அம்மா பெயர் துல்கூன். அதைப் போடுங்கள்," என்றார்.

ஸ்கிரிப்டில் ஒரு வரி மாற்றினேன்:
பெயரைப் பார்க்காதே, நான் வைத்த குறியைப் பார்.
குறி வைக்க நான் மறக்கும் நாளுக்கு
இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

பிரிண்டர் மட்டும் மாலைவரை அவரை ஏற்கவில்லை.
அவர் தாள்களை என் பெயரில் எடுத்துக் கொடுத்தேன்.