கரண்டு வந்துச்சா

சூளூர்ப்பேட்டை ஆபீசில் மாற்றல் உத்தரவை நீட்டி
ஆறே மாசம் என்றார்கள், தெலுங்கில்.
நான் வந்தபின் ஏரி வற்றுவது
இது மூன்றாம் முறை.

கரையிலிருந்து நாற்பத்தொரு கம்பங்கள்
தண்ணீரில் இறங்கி
வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்களைப் போல
தீவுக்கு நடந்து வருகின்றன.
அவற்றின் பின்னால்தான் நானும் வந்தேன்,
இடுப்புப் பெல்ட், ரப்பர் கையுறை,
விஜயா கட்டிக்கொடுத்த
ஒரு பாட்டில் புளிச்சக்கீரைத் தொக்கு.

பள்ளிக்கூடம் இங்கே தமிழ்.
ரேஷன் கடைப் பலகை தெலுங்கு.
மீட்டருக்கு இரண்டும் தெரியாது, ஓடும்.

என்ன வேலை என்று ஊரில் கேட்டால்
உப்பு துடைக்கிறேன் என்பேன்.
பகலெல்லாம் காற்று
பீங்கானில் உப்பைத் தடவிவிட்டுப் போகும்.
விடியலில் பனி அதை நனைக்கும்.
நீலமாய் ஒரு நாக்கு சட்டென நீண்டு மடங்கும்,
ஊர் இருண்டுவிடும்.
ஏறித் துடைத்த துணியை
ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கருவாடு போடலாம்.

காலை பத்துக்குள் போனுக்கு முகம் காட்டவேண்டும்.
சிக்னல் குடிதண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மட்டும்.
கம்பத்தில் ஏறுவதற்குச் சம்பளம்,
ஏறினேன் என்பதற்குத் தொட்டியில் ஏறவேண்டும்.
கண் சிமிட்டு என்கிறது போன்.
அந்தக் காற்றில்
சிமிட்டாமல் இருப்பதுதான் கஷ்டம்.

முனிரத்தினம் என்ற பெயர்
சம்பளச் சீட்டில் இருக்கிறது.
இங்கே நான் கரண்டு.
"கரண்டு தூங்குது, சத்தம் போடாதே" என்று
அஞ்சலாட்சி தன் பையனை அதட்டியதை
பாயில் படுத்தபடி கேட்டிருக்கிறேன்.
"கரண்டு வந்துச்சா?" என்றால்
பல்பைக் கேட்கிறார்களா என்னையா என்று
முகம் பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

ராக்கெட் விடுகிற நாளில்
ஏரியில் படகு இறங்கக்கூடாது.
அப்படியொரு ராத்திரியில்தான் போனது.
எந்தக் கம்பம் என்று தெரியவில்லை.
டார்ச் பத்தாவது முழத்தில் களைத்துவிட்டது.
தேசிங்கு படகின் கயிற்றைத் தொடவில்லை,
பீடியை மட்டும் பற்றவைத்தான்.
அஞ்சலாட்சியின் பெட்டியில்
வியாபாரிக்கு வைத்த இறால்,
எட்டுக் கிலோ,
மெல்லத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் கிழக்கே அது கிளம்பியது.
முதலில் வெளிச்சம்,
சத்தம் பின்னால் வந்து நெஞ்சுக்கூட்டைத் தட்டியது.
ஏரி முழுக்க ஆரஞ்சு.
மணலில் நின்ற ஊர் மொத்தமும்
அண்ணாந்து பார்த்தது.
நான் கம்பங்களை எண்ணினேன்.
முப்பத்தாறு சரி.
முப்பத்தைந்தில்
தோளிலிருந்து நழுவிய துண்டுபோல
கம்பி தண்ணீரில் கிடந்தது.
மேலே ஒரு நீர்க்காகம்
இதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல்.

பிறகு இருட்டு,
முன்னைவிடக் கெட்டியாக.

தடை விலக இரண்டு மணி நேரம்.
தொட்டியில் ஏறி லைன் கிளியர் வாங்கினேன்.
பாதிவழியில் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது.
ஏணியின் ஒரு முனை தேசிங்கு தோளில்,
மறுமுனை என் தோளில்.
தொடையளவுத் தண்ணீரில் நடந்தோம்.
"மேலே போனதுக்கு எத்தனை கோடி?" என்றான்.
"காலடியில் கெளுத்தி முள், பார்த்து வை" என்றேன்.

முடுக்கி முடித்துத் திரும்பும்போது
ஊர் எரிந்தது,
நாற்பது ஐம்பது பல்பு.
தண்ணீர்மேல் தவழ்ந்து வந்த "ஓ" சத்தம்
ராக்கெட்டுக்குப் போட்டதைவிடக்
கொஞ்சம் சின்னது.

இறாலில் பாதி போய்விட்டது.
அஞ்சலாட்சி மீதியை முகர்ந்து முகர்ந்து பிரித்தாள்.
"வானத்துக்குப் போறவனுக்கு இருக்கிற அவசரம்
உனக்கில்லையே கரண்டு" என்றாள்,
திட்டிக்கொண்டே ஒரு கைப்பிடியை
என் தட்டில் போட்டாள்.

காலையில் பதிவேடு எழுதினேன்.
பழுதுக்குக் காரணம்: உப்பு.
தாமதத்துக்குக் காரணம்: மேலிட உத்தரவு.
பழுது கண்டறிந்த முறை
என்று ஒரு கட்டம், விரலகலம்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
கண்ணால்
என்று எழுதினேன்.