ஒரு அங்குலம் விட்டு

கண்ணாடிதான் முதலில் சொன்னது.
போன மாதம், பச்சை விளக்கு எரிந்த அரை நொடியில்
சர்வினின் வீரா
முன்கண்ணாடியில் இடமிருந்து வலமாகத்
தானே ஒரு கோடு கிழித்துக்கொண்டது.
கல் படவில்லை. காக்கை எச்சம்கூடப் படவில்லை.
டர்போ தள்ளிய தள்ளில்
உடம்பு முறுக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஓட்டம் முடிந்து பார்த்தால்
இடப்பக்கக் கதவு சாத்த மாட்டேன் என்றது.
உரச்சாக்குக் கயிற்றால் இழுத்துக் கட்டி
சுங்கை சுமுன்வரை ஓட்டி வந்தான்.
சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர்
கயிற்றைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்,
போய்த் தொலை என்று கையை வீசினார்.

"எஞ்சினுக்குப் பதினோராயிரம் கொட்டினேன் அக்கா."
"எலும்புக்கு?"
மைலோவை உறிஞ்சினான்.

பகலில் நான் செம்பனை ஆலையில்
கொதிகலன் குழாய்களுக்குப் பற்றவைப்பவள்.
இரவில் ஆ கியோங் பட்டறையின் பின்கொட்டகை,
மணிக்கு இருபது வெள்ளி.
இவனுக்குப் பதினைந்து; அதிலும் பாதி
டுரியான் காலத்தில் தருவதாகப் பேச்சு.

இருக்கைகளைக் கழற்றினோம். விரிப்பை உரித்தோம்.
அடியில் ஒரு இருபது காசு,
பரிசு விழாத நாலு நம்பர் சீட்டு,
யாருடையதோ, கறுப்பு வளையலில் பாதி.
(சர்வின் அதைச் சட்டைப்பையில் போட்டான். நான் கேட்கவில்லை.)
அதற்கும் அடியில் துரு.
சுத்தியல் முனையால் தட்டிக்கொண்டே போனேன்.
நல்ல தகடு டிங் என்றது.
கெட்டது, நமத்த அப்பளம்,
சத்தமில்லாமல் உள்ளே போனது.

கம்பெனிக்காரன் இதைப் புள்ளி புள்ளியாகத்தான்
சேர்த்திருக்கிறான், ரவிக்கைக்கு
ஓட்டுத்தையல் போட்டு அனுப்பினமாதிரி.
சந்தைக்கு அது போதும்.
பிள்ளையைப் பள்ளியில் இறக்கப் போதும்.
நானூற்று இரண்டு மீட்டரைப்
பன்னிரண்டு நொடியில் விழுங்கப் போதாது.

மடிப்புப் பசையைச் சுரண்டி எடுத்து
ஒரு அங்குலம் தைத்தேன், ஒரு அங்குலம் விட்டேன்.
இங்கே ஒன்று, சுற்றிப்போய் அந்த மூலையில் ஒன்று.
ஒரே இடத்தில் குந்தித் தைத்தால்
சூட்டில் தகடு கோணிக்கொள்ளும்.
"நடுவுல எதுக்குக்கா விடறீங்க? முழுசா ஒட்டிடுங்க."
"நீ ஒரே மூச்சுல சோறு திம்பியா?"
வெறுங்கண்ணால் பார்க்காதே என்றேன், பார்த்தான்.
விடியவிடிய இமைக்குள் மணல்.

நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்தபோது
எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.
சங்கிலி போட்டு இழுத்து
இரண்டுக்குக் கொண்டுவர மூன்று இரவு.

பிறகு கூண்டுக் குழாய்கள்.
குலை நிறுக்கும் தராசில் ஏற்றினான்:
முப்பத்தொரு கிலோ. முகம் செத்துப்போனது.
ஒவ்வொரு கிலோவும் நேரத்தைத் தின்னுமாம்.
பின்கதவுக் கண்ணாடிகளை இறக்கினான்,
ஹாரனைக் கழற்றினான்,
ஒரு வாரம் ரொட்டி சானாய் தொடவில்லை.
ஆ கியோங் அவன் வயிற்றைத் தட்டி
"இதையும் வெல்டிங் பண்ணி மூடு" என்றான்.

பந்தய நாளில் மழை பெய்து ஓய்ந்திருந்தது.
பக்கத்துத் தடத்தில் சித்தியவான் பையன், சத்ரியா.
பச்சை.
மூக்கைத் தூக்காமல், இடுப்பை ஒடிக்காமல்
வீரா நேராகப் போனது,
ஆலைத் தண்டவாளத்தில் குலைவண்டி போகிறமாதிரி.

தோற்றோம்.
சீட்டில் பன்னிரண்டு புள்ளி ஒன்பது ஒன்று.
போன மாதம், முறுக்கிக்கொண்டு, உடைத்துக்கொண்டு,
பன்னிரண்டு புள்ளி எட்டு ஏழு.

கூட்டாளிகள் சீட்டைச் சுற்றி நின்று
ஒருவரும் என்னைப் பார்க்காமல் பேசினார்கள்.
நான் இடப்பக்கம் போனேன்.
ஒற்றை விரலால் கதவைத் திறந்து
ஒற்றை விரலால் தள்ளினேன்.
டப்.
இன்னொரு தடவை. டப்.

சர்வின் திரும்பினான்.
அவனும் வந்து ஒருமுறை சாத்திப் பார்த்தான்.
"இன்னும் கொஞ்சம் பூஸ்ட் ஏத்தினா தாங்குமாக்கா?"

பாக்கி வரவில்லை.
அவன் வீட்டு டுரியான் இப்போதுதான் பூ விட்டிருக்கிறது.