நான்காம் வாரம், வியாழன்

முதல் வாரத்தில் கேட்டால் அவசரக்குடுக்கை.
கடைசி நாள் கேட்டால்
சான்றிதழில் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடிக்கொண்டே
"பார்க்கலாம்மா" என்பார்கள்.
நடுவில் எங்கோ இருக்கிறது அந்த நாள்
என்றாள் பெனிட்டா, விடுதி மொட்டைமாடியில்,
சென்னையில் ஏற்கெனவே இடம் பிடித்தவள்.

நான் போனது இராமேசுவரம்.
மீன்பிடித் தடை முடிய இன்னும் பதினோரு நாள்.
சுலைகா மேடம் அலுவலகத்தில் மேசை முழுக்கக் கடல் அட்டை வழக்குகள்.
ஜெராக்ஸ் எடுத்தேன், வாய்தா தேதிகளை டைரியில் ஏற்றினேன்,
மின்விசிறிக்குப் பறக்காமல் காகிதங்களின்மேல்
சங்கு ஒன்றை வைக்கக் கற்றேன்.
இரண்டாம் வாரம் சந்தியாகுவின் ஜாமீன் மனு
முழுக்க என் எழுத்து.
மேடம் ஒரே வரியை அடித்தார்: 'மிகவும் ஏழை.'
ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜாமீன் கிடைத்தது.
அன்றைக்கே கேட்டிருக்கலாம்.
டீ வந்தது, வடை வந்தது, மேடம் சிரித்தார்.
வடையைக் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்பதா
என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம் தடை முடிந்திருந்தது, காற்று முடியவில்லை.
பாம்பனில் கூண்டு ஏற்றினார்கள். டோக்கன் கிடையாது.
டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றி
நின்றன படகுகள்.
ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம்
துறைமுகத்தைத் தாண்டி வரும்போது
என் காதில் மட்டும் பெரிதாகக் கேட்டது.

நான்காம் வாரம், வியாழன்.
காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
சந்தியாகு வந்தார், சட்டையெல்லாம் உப்பு.
"ஆகஸ்ட் பன்னெண்டு வாய்தாவாம்.
நீங்கதானே வருவீங்க?"
ஆகஸ்டில் நான் ஐந்தாம் ஆண்டு, மதுரையில்,
வருகைப் பதிவுக்குள் அடைபட்டிருப்பேன்.
"மேடம் வருவாங்க" என்றேன்.
"சரி" என்றார். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் செருப்பு மாட்டுவதற்குள் உள்ளே போனேன்.
மேடம் போனில் இருந்தார். காத்திருக்கவில்லை.
"படிப்பு முடிந்ததும் இங்கே ஜூனியராக வரலாமா?"
போனைக் கையால் பொத்திக்கொண்டு
"எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?" என்றார்.

எந்த நாள் என்றே நாலு வாரம் எண்ணியவள்
எவ்வளவு என்று எண்ணவே இல்லை.
"பஸ் காசும் சாப்பாடும் போக, ஏதாவது..."

"மனுவில் 'ஏதாவது' என்று எழுதுவாயா?"
போனுக்குத் திரும்பினார்.
"தொகையைப் போட்டு, நாளைக்குக் கொண்டு வா."

நாளை வெள்ளி. எனக்குக் கடைசி நாள்.