பேனா நின்ற இடம்

எழும்பூர்க் கூடத்தில் மூன்று படங்களாம்.
சம்பங்கி மாலை, வாசனை சொல்கிறது.
பார்வையற்ற எங்களுக்குப் பரீட்சை எழுதியவர்கள்:
தணிகாசலம், ரஹ்மத்துனிசா,
பெனடிக்டா.

முகம் தெரியாது எனக்கு.
பெனடிக்டாவின் பேனாவைத் தெரியும்.

வரலாறு, மூன்றாம் தாள்.
ஓர் ஆண்டைத் தப்பாகச் சொன்னேன்.
கீறல் சத்தம் நின்றது.
மூச்சு ஒன்று இழுத்து, விட்டு,
சொன்னபடியே எழுதினார்.
திருத்தக் கூடாது.

இரண்டு மார்க்கில் போச்சு.

நவம்பரில் மறுபடி அவரே வந்தார்,
மாதவரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி,
சொட்டும் குடையோடு.
"இந்தத் தடவை எந்த வருஷம்?" என்று
வாசலிலேயே கேட்டுச் சிரித்தார்.

ஒரு நிமிட மௌனம்.
மின்விசிறி. எவரோ தொண்டையைச் செருமுகிறார்.
தாள் புரட்டியதும் வரும்
"ம்... சொல்லுங்க"வுக்காக
வாயைத் திறந்து
நிற்கிறேன்.