நிதிக் குறிப்பு

சட்டம் இன்னும் பிறக்கவில்லை.
பிறந்தால் என்ன செலவாகும் என்று பார்த்துச் சொல்ல
எங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்கு டெண்டர் கிடைத்தது.
ஆபீஸ் என்னை அனுப்பியது.
மூன்று இரவு, புளியரை சோதனைச் சாவடி.
பேட்டா அறுநூறு.
குடை சொந்தப் பொறுப்பு.

கேரளத்துக்குள் போகும் ஒவ்வொரு கல் லாரியும்
எடை போட்டு, படம் பிடித்து, சீட்டு வாங்கி
கல்லுக்கான தொகையைக் கட்டிவிட்டுத்தான்
மலையேற வேண்டும்.
மசோதா இவ்வளவுதான், பதினோரு பக்கம்.
பன்னிரண்டாம் பக்கத்தில்
தலைப்பை மட்டும் போட்டு வெறுமனே விட்டிருந்தார்கள்.
அந்த வெறுமைதான் என் வேலை.

ஆடிச் சாரல் கணவாய் வழியே
சாய்ந்து சாய்ந்து வந்தது.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
விடியக்காலம் ஏட்டு சுடலைக்கண்ணு
ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்:
"எத்தன வருது ஒங்க கணக்குல?"
"முந்நூத்திப் பன்னெண்டு."
"எங்க நோட்டுல நூத்தி எம்பது."
அதற்குமேல் அவரும் பேசவில்லை
நானும் கேட்கவில்லை.
ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்தோம்.

எடைமேடையில் செய்யது மசூது சொன்னார்:
"சாரல்ல நனைஞ்ச ஜல்லி
லோடுக்கு அர டன் கூடும் மேடம்.
அந்த அர டன்ன யாரு தலையில எழுதுவீங்க?"
மழையை எந்தத் தலைப்பில் பற்று வைப்பது?
நான் எழுதிய பரீட்சைகள் எதிலும்
அது வந்ததில்லை.

புனலூர் டிரைவர் பினோய் கண்ணாடியை இறக்கினான்:
"எடை போட இருபது நிமிஷம் ஆகுமெங்கில்
அத்தர நேரம் நான் உறங்கலாம் சேச்சி.
அதுக்கு எந்தா விலை?"
குறித்துக்கொண்டேன்.
வெடி வைக்கும்போதெல்லாம்
தொட்டித் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குவதைச் சொன்ன
பேச்சித்தாயையும் குறித்துக்கொண்டேன்.
எக்ஸெல் படிவத்தில் இரண்டுக்கும் வரிசை இல்லை.
"இதர" என்று ஒன்று இருந்தது
அதில் ஏற்கெனவே டீ செலவு இருந்தது.

திருநெல்வேலி திரும்பியதும்
பார்ட்னர் அனந்தநாராயணன் சார்
என் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.
"முந்நூத்திப் பன்னெண்டு. பிரமாதம்.
அத்தனை லாரிக்கு எத்தனை எடைமேடை,
எத்தனை கேமரா, எத்தனை ஷிப்ட், போடு."
போட்டேன். இருபத்தேழு கோடி.
"வரவுப் பக்கத்துக்கு மட்டும்
இந்த எண்ணை எடுத்துக்கோ" என்று
அலமாரியிலிருந்து நீலக் கோப்பை இறக்கினார்.

அது நான் கட்டிய கோப்பு.
போன மார்ச்சில் என் கையால் துளை போட்டு
நூல் கோத்தது.
கிரஷர்காரர்களின் வருமான வரிக் கணக்கு.
அதில் ஓர் இரவுக்குத் தொண்ணூறு லாரி.

செலவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
வரவுக்குத் தொண்ணூறு.
இரண்டும் கையெழுத்து உள்ள எண்கள்.
இரண்டின் கீழேயும் எங்கள் முத்திரை.
கூட்டலில் பிழையில்லை,
நான் மூன்று முறை சரிபார்த்தேன்,
நான்காவது முறை
சரிபார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன்.

"சார், இதில் ஒரு எண்தானே நிஜமாக இருக்க முடியும்?"
"ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கும்மா" என்றார்.
கோபமே இல்லை குரலில்.
மகளுக்கு வரன் பார்த்த களைப்பு மட்டும்தான்.

கோடைக்குள் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.
அரசுக்குத் தாங்க முடியாத சுமையாம்.
ஆதாரம்: தனியார் தணிக்கை நிறுவனத்தின் ஆய்வு.
நாங்கள் அனுப்பிய பில் உடனே பாஸானது,
ஜிஎஸ்டியோடு.
பிறக்காத அந்தச் சட்டத்துக்கு
இதுவரை ஆன மொத்தச் செலவு நாங்கள்தான்.

கோடு போட்ட நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.
சாரலில் மை கசிந்து
ஐந்தாவது கோடும் முதல் நாலும்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
மலைச்சரிவில் சாய்ந்த கமுகுகள் மாதிரி நிற்கின்றன.

மூன்றாம் இரவுக் காற்றில்
என் குடைக்கம்பி இரண்டு ஒடிந்துபோனது.
நூற்றிருபது ரூபாய் என்று எழுதிக் கொடுத்தேன்.
ரசீது இல்லை என்று
சிவப்பு மையில் அடித்து
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.