இளைய இணைப்பெயர்

சாந்தாரெம் நகரில், மழை ஓயாத மார்ச்சில்,
ஒரு மீனின் பெயரை நீக்கினேன்.

கல்லைக் கவ்விக் கிடக்கும் கவசக் கெளுத்தி.
தபஜோஸ் கரையில் யாரைக் கேட்டாலும் அக்காரி.
நாற்பத்தொரு வருடம் சாராயத்தில் ஊறி
புள்ளியெல்லாம் போய்
பழைய சாவிக்கொத்து மாதிரி இருந்தது.

முதுகுத் துடுப்பில் ஏழு கதிர்.
பக்கவாட்டில் இருபத்தாறு தட்டு.
திரும்ப எண்ணினேன். இருபத்தாறேதான்.
வியன்னாவிலிருந்து வந்த படத்திலும் இருபத்தாறு:
இந்த ஆற்றை எட்டிப் பார்க்காத ஒரு பிரபு
காய்ந்த தோலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு
நூறாண்டு முந்தியே பெயரிட்டுவிட்டார்.
மரபணுவும் அதையே சொன்னது, முகம் பார்க்காமல்.

மூத்த பெயர் நிற்கும், இளையது மூழ்கும்.
மூழ்கடிப்பது என்றே எங்கள் தொழிலில் சொல்வோம்,
மீனை.

இளைய பெயரில் ஒரு பெண் இருந்தாள்.
ஓசெலினா. ஆய்வுப் படகின் சமையல்காரி.
பெயரின் கடைசியில் லத்தீன் ஆறாம் வேற்றுமை:
ஓசெலினாவினுடையது.
ஆற்றில் அவளுக்கென்றிருந்த ஒரே உடைமை.

அவளிடம் சொல்ல வேண்டுமென்று
எந்த விதியிலும் இல்லை.
படகேறிப் போனேன். ஐந்து மணி நேரம்.

அறுபத்து மூன்று வயது. படகுகளுக்கு டீசல் விற்கிறாள்.
தேவைக்கு மேலேயே விளக்கினேன்.
அளந்த கையைத் துணியில் துடைத்தபடி கேட்டாள்:
"அப்படியானால் நான் பிடித்தது எது?"

தட்டுகளின் எண்ணிக்கை நாக்குவரை வந்தது. விழுங்கினேன்.

வலது கட்டைவிரலை நீட்டினாள்.
நகத்தடியில் வெள்ளைத் தழும்பு, ஓர் அரிசி நீளம்.
"கல்லிடுக்கில் கைவிட்டபோது கன்னத்து முள் கிழித்தது.
அந்தப் பிரபுவுக்கும் இது இருக்கா?"

சிரித்தாளா, தெரியவில்லை.
ஒரு படகு வந்து நின்றது. இருபது லிட்டர் கேட்டார்கள்.

இரண்டில் காரணப்பெயர் அவளுடையதுதான்.
விதி காரணம் கேட்பதில்லை.
தேதி கேட்கும்.
இனி ஓசெலினா சிறிய எழுத்தில்,
ஒரு சமக்குறிக்குப் பின்னால் இருப்பாள்,
யாராவது தேடினால்.

புதுச் சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள் விட்டேன்.
பழைய சீட்டை எடுக்கக்கூடாது.
இரண்டும் மீனின் இருபக்கமும் மெல்ல இறங்கின.

பதிவேட்டில், வெகுநாளாக யாரும் பார்க்காத பத்தியில்,
பிடித்த முறை: வலை, என்றிருந்தது.

அடித்துவிட்டு
கை, என்று எழுதினேன்.